ஊசிக்குப் பயமா, ஊருக்குப் பயமா? - அமெரிக்காவில் டாட்டூ கடை திறப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டி இருக்கிறது மீசா. நாலு லட்சத்துக்கும் மேல் மக்கள் வசிக்கும் ஊர். 2008-ம் ஆண்டு ஜூலையில் ஒரு தம்பதி இங்கே டாட்டூ ஸ்டூடியோ திறக்க அனுமதி கேட்டு நகராட்சியில் விண்ணப்பம் கொடுத்தார்கள். தொழிலில் அனுபவம் இருந்தது, நல்ல பெயரும் இருந்தது. கடை வைக்க நினைத்த இடமும் குடியிருப்புக்கு நடுவில் இல்லை. ஏற்கெனவே கடைகள் இருக்கும் வணிக வளாகம்தான்.

நகராட்சியின் திட்டப் பிரிவு ஊழியர்கள் ஆராய்ந்து பார்த்து, ‘சில நிபந்தனைகளோடு அனுமதி தரலாம்’ என்றே எழுதினார்கள். ஆனால் திட்டக் குழுவில் மூன்று பேர் எதிர்த்தார்கள், இரண்டு பேர் ஆதரித்தார்கள். விஷயம் நகர கவுன்சிலுக்குப் போனது. 2009 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் 6-க்கு 1 என்ற கணக்கில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ‘அந்த இடத்துக்கு இந்தத் தொழில் பொருத்தமில்லை, அக்கம்பக்கத்துக்கு நல்லதில்லை’ என்பதே எதிர்ப்பின் சாரம்.

விதியை மீறினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சுகாதாரக் குறைபாடு என்றும் சொல்லவில்லை. அப்படியென்றால், பிரச்னை எங்கே?

ஊரைக் கட்டம் போட்டுப் பிரிக்கும் சட்டம்

இதைப் புரிந்துகொள்ள ‘ஜோனிங்’ என்ற விஷயம் தெரிய வேண்டும். நம் ஊரில் நிலப் பயன்பாட்டு மாற்றம் என்று சொல்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. ஊரின் நிலம் முழுவதையும் குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை என்று வரைபடத்தில் பிரித்து, எந்தப் பகுதியில் எந்தத் தொழில் நடக்கலாம் என்று பட்டியல் போடுவதுதான் ஜோனிங்.

1916-ல் நியூயார்க் நகரம் முதன்முதலாக ஊர் முழுமைக்கும் இப்படி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூர் போட்ட இதேபோன்ற சட்டம், ‘என் நிலத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ எப்படிச் சொல்லலாம்?’ என்ற வழக்காக உச்ச நீதிமன்றம் வரை போனது. 1926-ல் தீர்ப்பு ஊருக்குச் சாதகமாக வந்தது. அதன் பிறகு ஜோனிங் அமெரிக்கா முழுக்கப் பரவியது.

இந்தப் பட்டியலில் ஒரு தொழிலுக்கு மூன்று விதமான தலையெழுத்து இருக்கலாம். முதல் வகை, கேட்காமலே அனுமதி. மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை போன்றவை. இரண்டாவது, ‘நிபந்தனை அனுமதி’. பொது விசாரணை நடக்கும், பக்கத்தில் வசிப்பவர்கள் வந்து பேசுவார்கள், அதற்குப் பிறகே முடிவு. மூன்றாவது, அனுமதியே கிடையாது. பல ஊர்களில் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலே அந்தத் தொழிலுக்குத் தடை என்றுதான் அர்த்தம்.

டாட்டூ கடை பெரும்பாலும் இரண்டாவது வகையில் மாட்டும், அல்லது மூன்றாவதில். பல நகரங்களில் அடகுக் கடை, வயது வந்தோருக்கான கடை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் டாட்டூவையும் வைத்திருப்பார்கள். பள்ளியிலிருந்து இத்தனை அடி, வீடுகளிலிருந்து இத்தனை அடி, இன்னொரு டாட்டூ கடையிலிருந்து இத்தனை அடி என்று தூரக் கணக்கும் உண்டு. சின்ன ஊராக இருந்தால், எல்லாத் தூரத்தையும் அளந்து கழித்த பிறகு மிஞ்சுவது நெடுஞ்சாலை ஓரத்தில் நாலு கட்டடமாகத்தான் இருக்கும்.

முதலில் வந்தது மஞ்சள் காமாலை

டாட்டூ மீதான பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. 1961-ல் நியூயார்க் நகர சுகாதாரத் துறை, ஹெபடைட்டிஸ் பி பரவுகிறது என்று சொல்லி டாட்டூ தொழிலுக்கே தடை போட்டது. சுத்தம் செய்யாத ஊசியால் ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போனால் நோய் பரவும் என்பது உண்மைதான். மாசசூசெட்ஸ் மாநிலம் 1962-ல் டாக்டரைத் தவிர வேறு யாரும் டாட்டூ போடக் கூடாது என்றது. எந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு டாட்டூ போட உட்காருவார்? அதுவும் நடைமுறையில் தடைதான்.

பிறகு காலம் மாறியது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஊசிகள் வந்தன. கருவிகளை நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கம் செய்யும் வழக்கம் பரவியது. 1980-களில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் வந்துவிட்டது. தடைகள் மட்டும் அப்படியே நின்றன. நியூயார்க்கில் 36 ஆண்டுகள் டாட்டூ கலைஞர்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார்கள். பதிவு இல்லை, ஆய்வு இல்லை. நோயைத் தடுக்கப் போட்ட சட்டம், தொழிலை ஆய்வாளர் கண்ணிலிருந்து மறைத்ததுதான் மிச்சம்!

1997-ல் நியூயார்க் தடையை நீக்கியது. 2000-ல் மாசசூசெட்ஸ் தடையை நீதிமன்றம் ரத்து செய்தது. கடைசியாக 2006-ல் ஓக்லஹோமா மாநிலமும் அனுமதித்தது. மாநிலங்கள் கதவைத் திறந்துவிட்டன. ஆனால், சாவி நகராட்சிகளின் கையில் இருந்தது. அந்தச் சாவிதான் ஜோனிங்.

கடற்கரை ஊரின் வழக்கு

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்தில் ஹெர்மோசா பீச் என்ற சின்னக் கடற்கரை ஊர். சுமார் 20,000 பேர் வசிக்கிறார்கள். அங்கே ஒரு கலைஞர் டாட்டூ கடை திறக்க நினைத்தார். ஊரின் ஜோனிங் பட்டியலில் ‘டாட்டூ’ என்ற வார்த்தையே இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்டும் நகராட்சி சேர்க்கவில்லை. அவர் நீதிமன்றத்துக்குப் போனார். ‘டாட்டூ என்பது ஓவியம். ஓவியம் என்பது பேச்சு. பேச்சுரிமையை அரசியல் சட்டம் பாதுகாக்கிறது’ என்பது அவருடைய வாதம்.

2010 செப்டம்பரில் ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. தோலில் இருக்கும் படம், அதை வரையும் செயல், அதற்காகக் கடை நடத்துவது ஆகிய மூன்றுமே பேச்சுரிமைக்குள் வரும் என்றது. எழுதி முடித்த கதைக்குப் பாதுகாப்பு உண்டு, எழுதும் செயலுக்கு இல்லை என்று யாராவது பிரிப்பார்களா? அதே நியாயம்தான் இங்கேயும். சுகாதாரம் முக்கியமென்றால் விதி போடுங்கள், ஆய்வு செய்யுங்கள். அதைச் சொல்லி ஊர் முழுக்கத் தடை போட முடியாது என்றது நீதிமன்றம்.

எல்லா நீதிமன்றமும் இப்படிப் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், 2008-ல், இல்லினாய் மாநிலத்தின் நார்த் சிகாகோ நகர கவுன்சில், ‘நாங்கள் விரும்பும் வகைத் தொழில் இது அல்ல’ என்று சொல்லியே ஒரு டாட்டூ கடையை மறுத்தது. ‘டாட்டூ போடுவது பேச்சுரிமைக்குள் வராது’ என்று அங்கிருந்த கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே நாடு, ஒரே அரசியல் சட்டம், இரண்டு பதில்கள்!

ஃப்ளோரிடாவின் கீ வெஸ்ட் தீவில் நடந்த வழக்கு சுவாரஸ்யமானது. பழம்பெருமை வாய்ந்த பகுதியில் ஏற்கெனவே இருந்த இரண்டு டாட்டூ கடைகளுக்கு மேல் கூடாது என்றது நகராட்சி. புதிய கடைகள் வந்தால் சுற்றுலா கெடும், குடித்துவிட்டு வரும் பயணிகள் டாட்டூ போட்டுக்கொண்டு பிறகு வருத்தப்படுவார்கள் என்று வாதிட்டது. அதற்கு ஆதாரமாக, ஜிம்மி பஃபெட்டின் பிரபலமான ‘மார்கரிட்டாவில்’ பாட்டைக்கூடச் சொன்னார்கள். 2015-ல் தீர்ப்பளித்த பதினோராவது சர்க்யூட் நீதிமன்றம், ‘அந்தப் பாட்டில் வருபவர் டாட்டூவுக்காக வருத்தப்படவில்லையே, ரசிக்கத்தானே செய்கிறார்?’ என்ற ரீதியில் பதில் சொன்னது. சுற்றுலா கெடும் என்பதற்கு ஓர் ஆய்வுகூட நகராட்சியிடம் இல்லை. ஊகத்தை வைத்து உரிமையை மறுக்க முடியாது என்று வழக்கு கலைஞர் பக்கம் முடிந்தது.

அக்கம்பக்கத்தார் பேச்சிலும் நியாயம் உண்டு

இதனால் எதிர்த்துப் பேசும் அண்டை வீட்டார் எல்லோரும் பழமைவாதிகள் என்று நினைத்துவிடக் கூடாது. ராத்திரி நேரக் கூட்டம், வண்டி நிறுத்த இடம், பிள்ளைகள் நடந்து போகும் பாதை, வாழ்நாள் சேமிப்பைப் போட்டு வாங்கிய வீட்டின் மதிப்பு... இவையெல்லாம் நிஜமான கவலைகள். இவற்றுக்குத் தீர்வு சொல்லத்தான் ஜோனிங் இருக்கிறது. எத்தனை மணிக்கு மூட வேண்டும், எத்தனை கார் நிற்க வேண்டும் என்று அளந்து சொல்லிவிட்டால், கடைக்காரருக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். ‘இந்த மாதிரி ஆட்கள் இங்கே வேண்டாம்’ என்பதை அளக்க எந்த டேப்பும் இல்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஊசி பற்றிய கவலைக்கும் இன்று தெளிவான பதில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2012 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, டாட்டூ கலைஞர் ஒவ்வொருவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். ரத்தம் வழியாகப் பரவும் நோய்கள் பற்றி ஆண்டுதோறும் பயிற்சி எடுக்க வேண்டும். கடைக்குத் தனி சுகாதார அனுமதி வேண்டும். 18 வயது நிறையாதவருக்கு டாட்டூ போடுவது அங்கே குற்றம். பெற்றோர் சம்மதித்தாலும் முடியாது.

கடை பார்க்கும் முன்...

அமெரிக்காவில் டாட்டூ மட்டுமல்ல, மெஹந்தி, அழகு நிலையம், சமையல் என்று சிறு தொழில் தொடங்க நினைக்கும் நம்மவர்களுக்கும் இந்த வழக்குகளில் பாடம் இருக்கிறது.

1. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த முகவரி எந்த ஜோனில் வருகிறது என்று நகராட்சியின் திட்டப் பிரிவில் கேளுங்கள். ‘பக்கத்தில் இதே மாதிரி கடை இருக்கிறதே’ என்று நம்ப வேண்டாம். அது பழைய விதி இருந்த காலத்தில் திறந்த கடையாக இருக்கலாம்.

2. பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுன்டரில் வாய்மொழியாகச் சொன்னதை யாரும் பிறகு ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

3. நிபந்தனை அனுமதி தேவைப்பட்டால், ‘அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து’ என்ற வரியை வாடகை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். விசாரணை முடிய மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை காலிக் கடைக்கு வாடகை கொடுத்தே பலர் நொடித்துப்போகிறார்கள்.

4. பொது விசாரணைக்கு முன்பே அக்கம்பக்கத்தாரை நேரில் பார்த்துப் பேசுங்கள். மைக் முன்னால் முதன்முதலாகச் சந்திக்கும்போது எல்லோரும் எதிரியாகத்தான் தெரிவார்கள்.

5. ஜோனிங் அனுமதி வேறு, சுகாதார அனுமதி வேறு, தொழில் உரிமம் வேறு. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைத்த மாதிரி என்று நினைக்க வேண்டாம்.

மீசா தம்பதி என்ன ஆனார்கள்?

அவர்கள் போட்ட வழக்கை முதல் நீதிமன்றம் விசாரணையே இல்லாமல் தள்ளுபடி செய்தது. விடவில்லை. மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். நகராட்சி அரிசோனா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2012 செப்டம்பரில் அந்த நீதிமன்றமும், டாட்டூ போடுவது பேச்சுரிமையால் முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட செயல்தான் என்றது. நேரம், இடம், முறை பற்றி எல்லோருக்கும் பொதுவான, நியாயமான விதிகளை நகராட்சி போடலாம். ஆனால், மறுக்கும்போது அந்த மறுப்பு நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். அதனால் தம்பதியின் புகாரை முறையாக விசாரியுங்கள் என்று வழக்கைக் கீழே அனுப்பியது.

கவனியுங்கள், ‘கடையைத் திறந்துகொள்ளுங்கள்’ என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் கேட்கும் உரிமையைத்தான் கொடுத்தது. அதற்கே விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து நாலு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

நம் பாட்டிகள் திண்ணையில் கையை நீட்டிப் பச்சை குத்திக்கொண்ட காலத்தில் எந்த ஆபீஸிலும் மனு கொடுக்கவில்லை. அந்தக் காலம் திரும்பாது, திரும்பவும் வேண்டாம். ஊசிக்குச் சட்டம் தேவைதான். ஆனால், ஒரு குடும்பத்தின் பிழைப்பை மறுக்கும் ஊர், ‘பிடிக்கவில்லை’ என்பதற்கு மேல் ஒரு காரணமாவது சொல்ல வேண்டும். பதினைந்து, இருபது ஆண்டுகளாக அமெரிக்க டாட்டூ கலைஞர்கள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிக் கேட்டது அந்த ஒன்றைத்தான்.