மளிகைப் பைக்குள் இத்தனை ரகசியமா? தெரியுமா?

"உங்களுக்குச் சுகர் இருக்கு" என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே அந்த வீட்டு மளிகை லிஸ்ட் மாறிவிடும். சீனி போய்விடும், கோதுமை மாவு ஏறும், நாட்டுச் சர்க்கரை புதிதாக நுழையும். ஆனால் அடித்தது சரிதானா, ஏற்றியது சரிதானா? ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் ஆய்வு 2023இல் சொன்ன கணக்கைக் கேளுங்கள்: இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு! இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில்! அத்தனை வீட்டிலும் யாரோ ஒருவர் கையில் பையோடு கடைக்குக் கிளம்புகிறார். வாருங்கள், அவரோடு நாமும் ஒரு சுற்று சுற்றி வருவோம்!

சீனியைவிட வெள்ளை பிரெட்டுக்கு வேகம் அதிகம், தெரியுமா?

நம்பவே முடியாது, ஆனால் நிஜம்! ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதை அளக்க 'கிளைசெமிக் இண்டெக்ஸ்' என்ற அளவுகோலை 1981இல் கொண்டுவந்தவர் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ். குளுக்கோஸுக்கு 100 மதிப்பெண். 55 வரை குறைவு, 70க்கு மேல் அதிகம். இதில் சீனி வாங்கும் மதிப்பெண் சுமார் 65. வெள்ளை பிரெட்? சுமார் 75! சீனியில் பாதி பிரக்டோஸ். அது ரத்தக் குளுக்கோஸை நேராக ஏற்றுவதில்லை. பிரெட்டின் மாவுச்சத்தோ செரித்தால் முழுக்க முழுக்க குளுக்கோஸ்தான். இதைக் கேட்டுச் சீனியைத் திரும்ப லிஸ்ட்டில் எழுதிவிடாதீர்கள்! நாக்குக்கு இனிப்பது வேறு, ரத்தத்தில் ஏறுவது வேறு. இந்தச் சுற்று முழுவதும் கூடவே வரப்போகும் பாடம் இதுதான்.

அரிசிக்கும் அரிசிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், தெரியுமா?

சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் 235 நெல் ரகங்களை அலசினார்கள். கிளைசெமிக் இண்டெக்ஸ் 48இல் தொடங்கி 92 வரை போனது! நம் நாட்டில் ஏராளமாக விளையும் சுவர்ணா ரகம் குறைந்த வரிசையில் வந்து நின்றது. சூட்சுமம் அமைலோஸ் என்ற மாவுச்சத்தில் இருக்கிறது. அது அதிகமுள்ள அரிசி வெந்தால் பொலபொலவென உதிரும், மெதுவாகச் செரிக்கும். குழைந்து ஒட்டும் அரிசி ஓட்டமாக ஓடும். பொதுவாகப் பச்சரிசியைவிடப் புழுங்கல் நிதானமானது. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிக்கொள்வது கூடுதல் லாபம்! ஆனாலும் எந்த அரிசியானாலும் அளவு அளவுதான்.

அதே ராகி, ஆனால் அதே ராகி இல்லை, தெரியுமா?

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம்! அரிசியும் கோதுமையும் கிட்டவே நெருங்க முடியாது. ஆனால் மைதா போல நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சினால் செரிமானத்துக்கு வேலையே இல்லை. சர்க்கரை சட்டென ஏறிவிடும். தானியம் எவ்வளவு பொடியாகிறதோ அவ்வளவு வேகம்! வரகு, சாமை, தினை, குதிரைவாலி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மாவு பாக்கெட்டைவிட முழுத் தானியமாக வாங்குங்கள். மில்லில் அரைப்பதானால் கொஞ்சம் கொரகொரப்பாகக் கேளுங்கள்.

காலையில் சாப்பிட்ட பருப்பு மதியச் சாப்பாட்டையும் காவல் காக்கும், தெரியுமா?

அதே ஜென்கின்ஸ் 1982இல் கண்ட அதிசயம் இது. காலையில் ஒருநாள் பிரெட், இன்னொரு நாள் பருப்பு. மதியம் இரண்டு நாளும் ஒரே சாப்பாடு. பருப்பு சாப்பிட்ட நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் சர்க்கரை குறைவாகவே ஏறியது! 'இரண்டாம் வேளை விளைவு' என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். லிஸ்ட்டில் அரிசியைக் கொஞ்சம் குறைத்து, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, கடலைப்பருப்பு, தட்டைப்பயறு எல்லாவற்றையும் தாராளமாக ஏற்றுங்கள். மாலைச் சுண்டல் நம் பாட்டிமார் கண்ட மருந்துச் சீட்டு!

நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான், தெரியுமா?

சொல்லவே மனசு கஷ்டப்படுகிறது, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ். அதாவது சீனியில் இருக்கும் அதே பொருள். தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரை! இரும்பும் தாதுக்களும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "இது நாட்டுச் சர்க்கரைதானே" என்று அப்பாவின் காபியில் இரண்டு கரண்டி போட்டால், அவர் ரத்தம் நிறம் பார்க்காது.

'சுகர் ஃப்ரீ' என்றால் எது ஃப்ரீ, தெரியுமா?

100 கிராமில் அரை கிராமுக்குமேல் சர்க்கரை இல்லாவிட்டால் போதும், 'சுகர் ஃப்ரீ' என்று போட்டுக்கொள்ள உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. மாவுச்சத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது! பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் எழுதியிருக்கும். முதல் பெயர் மைதா என்றால் கீழே வைத்துவிடலாம். 'மால்டோடெக்ஸ்ட்ரின்' என்ற பெயர் கண்ணில் பட்டால் உஷார்! நாக்கில் அவ்வளவாக இனிக்காது, ரத்தத்தில் சீனியை முந்தும்.

ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டதில் ஓர் இனிப்பு பிறந்தது, தெரியுமா?

1976, லண்டன். சர்க்கரையில் குளோரின் சேர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தார் சசிகாந்த் பட்னிஸ் என்ற இந்திய ஆராய்ச்சியாளர். அந்தப் பொருளை 'டெஸ்ட்' பண்ணச் சொன்னது அவர் காதில் 'டேஸ்ட்' என்று விழ, நாக்கில் வைத்தே பார்த்துவிட்டார்! அதுதான் சுக்ரலோஸ்; சீனியைவிடச் சுமார் 600 மடங்கு இனிப்பு! இன்று கடையில் இருக்கும் எத்தனையோ மாத்திரை இனிப்புகளில் இருப்பது இதுவே.

தர்பூசணி பயமுறுத்தும், ஆனால் கடிக்காது, தெரியுமா?

இண்டெக்ஸில் 70க்கு மேல்! ஆனால் பழத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு துண்டில் இருக்கும் சர்க்கரை கொஞ்சம்தான். ஆகவே துண்டாகச் சாப்பிடலாம். ஜூஸாக்கி டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கூடாது. வாழைப்பழமா? புள்ளி விழுந்து கனிந்ததைவிட இளம்பழமாக, சின்னதாக எடுங்கள். பழுக்கப் பழுக்க மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது!

சர்க்கரையை மண்ணாக்கும் இலை, தெரியுமா?

நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் கேளுங்கள். இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டது போல இருக்கும்! அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணர்வைக் கொஞ்ச நேரம் அடைத்துவிடுகிறது. ஆனால் இதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவதானாலும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, லிஸ்ட்டில் இருந்தே ஆக வேண்டியது எது, தெரியுமா?

சர்க்கரை! ஆமாம், ஒரு குளுக்கோஸ் பாக்கெட்! இன்சுலினோ சில மாத்திரைகளோ எடுப்பவருக்குத் திடீரென வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் உயிர்த் துணை அதுதான். 15 கிராம், அதாவது சுமார் 3 தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி! அகார்போஸ், வோக்ளிபோஸ் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சீனித் தண்ணீர் சீக்கிரம் கை கொடுக்காது, தெரியுமா? சீனி உடைவதைத் தாமதப்படுத்துவதே அந்த மாத்திரைகளின் வேலை. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும்!

எதை ஒதுக்கினோமோ அதையே ஒருநாள் ஓடிப்போய் எடுக்க வேண்டி வரலாம். ஆகவே இந்த மாத லிஸ்ட்டின் கடைசி வரியாக அதை எழுதுங்கள். வாங்கி வந்ததும் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கும்கூட, காட்டிவிடுங்கள்.