ஹெல்சிங்கி கேட்கும், உத்ரெக்ட் பதில் சொல்லும்

வீட்டு வைஃபைக்கு ஒரே ஒரு கடவுச்சொல்தான். அப்பாவின் கணினிக்கும் அதுதான், பாட்டியின் கைப்பேசிக்கும் அதுதான், விருந்துக்கு வந்த சித்தப்பாவுக்கும் அதையேதான் சொல்கிறோம். நான்கைந்து பேர் இருக்கும் வீட்டுக்கு அது போதும். பல்லாயிரம் மாணவர்கள் படிக்கும் பல்கலைக்கழகத்தில் இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்! ஒருவர் படிப்பை முடித்துப் போகும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லோருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. பல வீடுகளில் இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற முறையில், பொதுக் கடவுச்சொல் தெரிந்த ஒருவர், உங்கள் கணினி இணையும் நொடியில் காற்றில் போகும் செய்திகளைப் பிடித்து வைத்துக்கொண்டால் போதும். அதன்பின் நீங்கள் அனுப்புவதன் மேல் வைஃபை போட்ட பூட்டை அவரால் திறந்துவிட முடியும்.

அதனால் பல்கலைக்கழகங்கள் வேறு வழியில் போகின்றன. ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர், தனிக் கடவுச்சொல். இதற்கான விதிமுறை 2001-ல் வெளிவந்தது. அதன் பெயர் 802.1எக்ஸ். வகுப்பறைக் கூரையில் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்குமே, அந்த ஆக்சஸ் பாயின்ட்டுக்கு உங்கள் கடவுச்சொல் தெரியவே தெரியாது. நீங்கள் யார் என்பது உறுதியாகும் வரை, உங்கள் கணினியிலிருந்து வரும் அடையாளச் செய்திகளை மட்டும் அது உள்ளே விடும். வேறு எதையும் விடாது. அந்தச் செய்திகளைப் பின்னால் இருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்பி, "இவரை விடலாமா?" என்று கேட்கும். அந்த சர்வர் பேசும் முறைக்கு ரேடியஸ் என்று பெயர். தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்துக்குள் நுழைந்த காலத்தில், 1991-ல் பிறந்த முறை அது. இன்றும் ஓய்வில்லாமல் உழைக்கிறது.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2002-ல் நெதர்லாந்தைச் சேர்ந்த கிளாஸ் வியரெங்கா என்ற பொறியாளர் ஒரு யோசனை சொன்னார். எல்லாப் பல்கலைக்கழகங்களின் ரேடியஸ் சர்வர்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், ஒரு மாணவர் எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் தன் சொந்தக் கடவுச்சொல்லையே பயன்படுத்தலாமே! அப்படித்தான் 'எஜுரோம்' பிறந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது இருக்கிறது. இந்தியாவில் எர்நெட் அமைப்பும், இலங்கையில் லேர்ன் அமைப்பும் அதை நடத்துகின்றன.

உத்ரெக்ட் நகரில் படிக்கும் ஒரு மாணவி, பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்துக்குப் போய் மடிக்கணினியைத் திறக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஹெல்சிங்கி சர்வர் அவள் பயனர் பெயரில் '@' குறிக்குப் பின்னால் இருக்கும் பல்கலைக்கழக முகவரியைப் பார்க்கிறது. 'நம்ம ஆள் இல்லை' என்று புரிந்துகொண்டு பின்லாந்தின் தேசிய சர்வருக்கு அனுப்புகிறது. அங்கிருந்து ஐரோப்பாவின் மேல்நிலை சர்வருக்கு, பிறகு நெதர்லாந்துக்கு, கடைசியாக உத்ரெக்டுக்கு. ஏறக்குறைய 1500 கிலோமீட்டர் தாண்டி, சரிபார்த்து, "எங்கள் மாணவிதான், விடுங்கள்" என்ற பதில் திரும்பி வருகிறது. பெரும்பாலும் ஓரிரு நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

வழியில் இத்தனை சர்வர்கள் இருக்கின்றனவே, கடவுச்சொல்லை அவை படித்துவிடாதா? படிக்க முடியாது. ஒட்டிய உறையில் போகும் கடிதம் போன்றது இது. வழியில் இருப்பவர்களுக்கு உறைமேல் இருக்கும் ஊர்ப் பெயர் மட்டும் தெரிந்தால் போதும். மாணவியின் கணினியும் உத்ரெக்ட் சர்வரும் முதலில் தங்களுக்குள் ஒரு மறைகுறியாக்கப்பட்ட பாதையை அமைத்துக்கொள்கின்றன. கடவுச்சொல் சரிபார்ப்பு அதற்குள்தான் நடக்கிறது. அனுமதி கிடைத்ததும், அன்றைய இணைப்புக்கென்று ஒரு புதிய ரகசிய எண் உருவாகிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு எண். அதனால் ஒருவர் அனுப்புவதை இன்னொருவர் பிடித்தாலும் பயனில்லை.

இப்போது ஒரு கேள்வி. மாணவி யார் என்று சர்வர் சரிபார்த்துவிட்டது. சர்வர் யார் என்று மாணவி சரிபார்த்தாளா?

இது விளையாட்டுக் கேள்வி இல்லை. கணினித் திரையில் தெரியும் வைஃபை பெயர், ஆக்சஸ் பாயின்ட் நொடிக்குச் சுமார் 10 முறை காற்றில் அறிவிக்கும் சில எழுத்துகள்தான். யார் வேண்டுமானாலும் ஒரு சிறு கருவியை வாங்கி அதற்கும் 'எஜுரோம்' என்றே பெயர் வைக்கலாம். ஏமாற்றுக்காரர் அப்படி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு நூலகத்தில் உட்கார்ந்தால், சோதிக்காத கணினிகள் அவரிடம் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

இதைத் தடுப்பதுதான் டிஜிட்டல் சான்றிதழ். உண்மையான சர்வர் முதலில் தன் சான்றிதழைக் காட்டும். அதில் சர்வரின் பெயரும், நம்பகமான ஓர் அமைப்பின் கையொப்பமும் இருக்கும். போலி ஆள் அந்தச் சான்றிதழை அப்படியே நகலெடுத்துக் காட்டினால்? அப்போதும் முடியாது! சான்றிதழ் எல்லோரும் பார்க்கக்கூடியது. அதற்கு ஜோடியான ரகசியச் சாவியோ சர்வரை விட்டு வெளியே வருவதே இல்லை. ஒவ்வொரு முறையும் உங்கள் கணினி அனுப்பும் புதிய எண்ணைச் சேர்த்து, அந்தச் சாவியால்தான் சர்வர் கையொப்பமிட வேண்டும். நேற்று போட்ட கையொப்பம் இன்றைக்குச் செல்லாது. சாவி இல்லாதவர் இங்கேயே மாட்டிக்கொள்வார்.

சில கணினிகளிலும் கைப்பேசிகளிலும் "சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்" என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அழுத்தினால் உடனே இணைந்துவிடும் என்பதால், அண்ணன்மார் அக்காமார் சிலர் அதையே சொல்லிக்கொடுப்பார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். இத்தனை பேர் மூளையைக் கசக்கி உருவாக்கிய பாதுகாப்பு, அந்த ஓர் அழுத்தலில் போய்விடுகிறது. பல பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் தானாகவே சரியாக நிரப்பும் செயலியைத் தருகின்றன. அதை ஒருமுறை நிறுவிவிட்டால், எந்த சர்வரை நம்ப வேண்டும் என்பதைக் கணினியே நினைவில் வைத்துக்கொள்ளும்.

எல்லாம் சரியாகச் செய்தும் இணையவில்லையா? கணினியின் தேதியைப் பாருங்கள். சான்றிதழ் இந்த நாளிலிருந்து இந்த நாள் வரைதான் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பழைய மடிக்கணினிகளில் கடிகாரத்துக்கான சிறு மின்கலம் தீர்ந்துபோனால், தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அப்போது உங்கள் கணினி, "இந்தச் சான்றிதழ் செல்லத் தொடங்கும் நாளே இன்னும் வரவில்லையே!" என்று உண்மையான சர்வரையும் மறுத்துவிடும். தேதியைத் திருத்திவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.