உடன்பொதிந்த நிரலகங்களும் இயங்குதளப் பொதிகளும்

நிரலகம் அல்லது லைப்ரரி என்பது பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு ஆகும். கோப்பைச் சுருக்குதல், படத்தைத் திறத்தல், எழுத்துகளைத் திரையில் அடுக்குதல் போன்ற வேலைகளை ஒவ்வொரு மென்பொருளும் புதிதாக எழுதிக்கொள்வதில்லை. நிரலகத்தின் படி மென்பொருளுக்குள்ளேயே சேர்ந்து வந்தால் அது உடன்பொதிந்த நிரலகம். லினக்சு வழங்கல் அதைத் தனிப் பொதியாக நிறுவி, எல்லா மென்பொருள்களும் பகிர்ந்துகொண்டால் அது இயங்குதளப் பொதி.

ஊர்ப் பொதுத்தொட்டிக்கும் வீட்டுத்தொட்டிக்கும் உள்ள வேறுபாடு இது. பொதுத்தொட்டியை ஒருமுறை கழுவினால் ஊருக்கே போதும். வீட்டுத்தொட்டியை அவரவர்தான் கழுவ வேண்டும்.

2002 மார்ச்சில் இது தெளிவாகத் தெரிந்தது. இசட்லிப் என்னும் சுருக்க நிரலகத்தில், ஒரே நினைவகப் பகுதியை இருமுறை விடுவிக்கும் பிழை வெளிப்பட்டது. பொது நிரலகத்தைத் திருத்தியதும் வேலை முடியவில்லை. பல மென்பொருள்கள் சொந்தப் படி வைத்திருந்தன. லினக்சு கருனிக்குள்ளேயே ஒரு படி இருந்தது. ஒவ்வொன்றையும் தேடித் திருத்த நேர்ந்தது. 2023 செப்டம்பரில் லிப்வெப்பி என்னும் பட நிரலகத்தின் பாதுகாப்புக் குறைபாட்டுக்கும் குரோம், பயர்பாக்சு உள்ளிட்டவை தனித்தனியே திருத்தம் வெளியிட்டன.

தமிழருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஹார்ஃப்பஸ். "நெல்லிக்குப்பம்" என்று தட்டச்சு செய்தால், ஒருங்குறியில் முதலில் "ந", அதன்பின் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படும். திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். "கொ" என்றால் கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிய வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற நிரலகம். பயர்பாக்சு தன் படியை உடன் கொண்டுவருகிறது. லிப்ரே ஆபிசு 2017-இல் வந்த 5.3 பதிப்பு முதல் எல்லா இயங்குதளங்களிலும் இதைப் பயன்படுத்துகிறது: விண்டோசுப் பதிப்பில் உடன்பொதிந்து வரும், டெபியனில் பொதுப் பொதியையே பகிர்ந்துகொள்ளும். உடன்பொதிவதால் எந்த இயங்குதளத்திலும் தமிழ் ஒரேமாதிரி தெரிகிறது. இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

மென்பொருளுடன் வரும் படியை விட்டு, தன் பொதியையே பயன்படுத்த வேண்டும் என்பது டெபியன் கொள்கைக் கையேட்டின் அறிவுரை. சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்சு டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன் அதுவும் இருந்தது. வீட்டில் இணைய வசதி குறைந்த மாணவருக்கு, ஒரு சிறு பொதியை மட்டும் பதிவிறக்குவதும் பெரிய மென்பொருள் ஒவ்வொன்றையும் முழுதாகப் பதிவிறக்குவதும் ஒன்றல்ல.

தொட்டி உவமை ஓரிடத்தில் உதவாது. தண்ணீர் எல்லா வீட்டுக்கும் ஒன்றே. மென்பொருள்களோ ஒரே நிரலகத்தின் வெவ்வேறு பதிப்புகளைக் கேட்கின்றன. நிலையான வழங்கல்கள் பெரும்பாலும் பழைய பதிப்பிலேயே நிற்கும். சில திட்டங்கள் தம் படியில் மாற்றமும் செய்துவிடுவதால் பொதுப் பொதி அங்கே பொருந்தாது. எனவே ஃபெடோரா 2015-இல் தன் தடையைத் தளர்த்தியது. ஆனால் எந்த நிரலகம் உள்ளே இருக்கிறது என்பதைப் பொதியிலேயே அறிவிக்கச் சொல்கிறது. பிழை வெளியாகும் நாளில் எங்கெங்கே தேட வேண்டும் என்பது அந்த அறிவிப்பால் தெரியும். பிளாட்பேக் முறை நடுவழியில் செல்கிறது: அடிப்படை நிரலகங்கள் பொதுவான தொகுதியாகவும், மற்றவை அந்தந்த மென்பொருளுடனும் வருகின்றன.