குண்டு வராத ஊருக்கு வந்த யுத்தம்

சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே ரயிலில் போகும் நேயர்கள் பொம்மிடி என்னும் ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். எந்தத் தேசத்துச் சேனாதிபதியும் தமது யுத்தப் படத்தில் குறித்துக்கொள்ளக் கூடிய ஊரல்ல அது. ஆயினும் 2025-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் தேதி காலை நாம் அங்கே ரயிலுக்குக் காத்திருந்தபோது, யுத்தம் நமக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

ஓர் இளைஞர் தமது போனைப் பக்கத்திலிருந்த கிழவரிடம் நீட்டினார்.

"பாருங்க தாத்தா! கராச்சித் துறைமுகமே எரியுது!"

கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "அங்கேயும் மூட்டை தூக்கிப் பிழைக்கிறவங்க இருப்பாங்களே, தம்பி. அவங்க கதி என்னாச்சு?" என்று கேட்டார்.

இளைஞர் பதில் சொல்லாமல் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முதல் நாள் இரவு நம் தேசத்துத் தொலைக்காட்சி நிலையங்கள் சிலவும் இச்செய்தியை முழங்கியிருந்தன. உண்மையில் கராச்சித் துறைமுகம் எரியவேயில்லை! எல்லைக்கு அப்பாலும் இதே கூத்துத்தான். போர்க்களக் காட்சி என்று அந்நாட்களில் பரவியவற்றுள் சில, கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை.

மறுநாள், 10-ஆம் தேதி மாலை, போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. உயிர்கள் பிழைத்தன என்று ஜனங்கள் ஆறுதல் அடைந்திருக்க வேண்டுமல்லவா? அதுதான் இல்லை. அறிவிப்பைப் படித்த வெளிவிவகாரச் செயலாளர் விக்ரம் மிஸ்ரியின் மீதும் அவர் குடும்பத்தார் மீதும் வசைமாரி பொழிந்தது. அவர் தமது எக்ஸ் கணக்கைப் பூட்டி வைக்கும்படி ஆயிற்று. சர்க்காரின் முடிவைச் சொன்னதைத் தவிர அவர் செய்த குற்றம் வேறொன்றுமில்லை.

இங்கேதான் நவீன யுத்தப் பிரசாரத்தின் முழுத் தீமையும் விளங்குகிறது. பொய் சொல்வது அதன் முதல் தீமை. சமாதானத்தையே துரோகமாகத் தோன்றச் செய்வது அதனினும் பெரிய தீமை. 'எதிரியின் பட்டணம் தரைமட்டம்' என்று இரவில் கேட்டவனுக்கு, 'இத்துடன் நிறுத்திக்கொள்வோம்' என்ற பேச்சு மாலையில் வந்தால் ஏமாற்றமாகத்தானே இருக்கும்?

நம்மவர்கள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பட்டணத்தைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். ஹைகோர்ட்டுச் சுற்றுச் சுவரில் அதற்கு ஒரு ஞாபகக் கல்வெட்டும் உண்டு. இவ்வளவு அமளி செய்த எதிரியைத் தமிழர்கள் என்ன செய்தார்கள்? "அவன் பெரிய எம்டன்!" என்று சாமர்த்தியசாலிக்கு அப்பெயரைச் சூட்டி வைத்தார்கள். அன்று சென்னைக்குக் குண்டு வந்தது, வெறுப்பு வரவில்லை. இன்று பொம்மிடிக்குக் குண்டு வரவில்லை. வெறுப்பு மட்டும் தபால் செலவின்றி வந்துவிடுகிறது.

அதே மகா யுத்தத்தில் ஐரோப்பாவில் நடந்தது வேறு. ஜெர்மானியர்கள் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று 1917-இல் பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. 1925-இல்தான், அதற்கு ஆதாரமில்லை என்ற ஜெர்மனியின் மறுப்பைப் பிரிட்டிஷ் மந்திரி ஆஸ்டின் சேம்பர்லின் பார்லிமெண்டில் ஏற்றுக்கொண்டார். அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. வெறுப்பு கொதித்துக்கொண்டிருந்தபோதே 1919-இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை எழுதப்பட்டது. இருபது ஆண்டுகளில் மறு யுத்தம் மூண்டது. அந்த யுத்தத்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவிப்பதாக மெய்ச் செய்தி வந்தபோதோ, 'இதுவும் பழைய கட்டுக்கதையே' என்று பலர் நம்ப மறுத்தனர். பொய்க்குக் கொடுத்த விலையை மெய்யும் சேர்ந்து கட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே சமாதானத்துக்கு இடமே இல்லையா? உண்டு என்று நம்பிய ஒருவர் இந்தப் பக்கத்து மனிதரே. பொம்மிடி பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஊர். அந்தச் சேலத்தில் வக்கீலாக இருந்து, முனிசிபல் சேர்மனாகவும் விளங்கிய ராஜாஜி, 1962 செப்டம்பரில், தமது 83-ஆம் வயதில், காந்தி சமாதான நிறுவனத்தின் தூதுக் கோஷ்டிக்குத் தலைமை வகித்து வாஷிங்டன் சென்றார். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்த வேண்டும் என்று ஜனாதிபதி கென்னடியிடம் நேரில் வாதாடினார். அடுத்த மாதமே கியூபா விஷயமாக உலகம் அணு யுத்தத்தின் விளிம்புக்குப் போய் மீண்டது. 1963 ஆகஸ்டு 5-ஆம் தேதி அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன் மூன்றும் மாஸ்கோவில் கையெழுத்திட்டன. காற்றிலும், விண்வெளியிலும், நீருக்கடியிலும் அச்சோதனைகள் தடை செய்யப்பட்டன. ராஜாஜி ஒருவரால் ஆயிற்று என்று நாம் கூறவில்லை. எதிரிகள் என்று கூச்சலிட்டவர்களும் ஒரு மேஜையில் உட்காரக்கூடும் என்பதே நாம் கூறுவது.

தேசத்தைக் காக்க வேண்டியது வீரர்களின் கடமை. அவர்களை நாம் வணங்குகிறோம். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. போனில் வந்த யுத்தச் செய்தியை மற்றொருவருக்கு அனுப்புமுன், அது மெய்தானா என்று ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது. மெய்யாகவே இருந்தாலும், பொம்மிடிக் கிழவரைப் போல், 'அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் கதி என்ன?' என்று கேட்டுக்கொள்வது. இந்தக் கேள்வியை வீட்டுக்கு ஒருவர் கேட்டாலும் போதும். சமாதானத்தை அறிவிக்க வருகிறவர் அஞ்சாமல் வாய் திறக்கலாம்.