எந்த அலைக்கு வழி?

எதிரே தெரிவது ஓட்டமாவடியின் பழைய இரும்புப் பாலம். புகையிரதமும் வாகனங்களும் ஒரு காலத்தில் இதே பாதையில்தான் மாறி மாறிப் போயின. பக்கத்தில் வீதிப் பாலம் வந்த பிறகு இது புகையிரதத்துக்கு மட்டும்.

இரும்புச் சட்டக் கூட்டுக்குள் போகும்போது மத்திய அலை வானொலி மங்குவதுண்டு. அந்த அலையின் நீளம் சுமார் 300 மீற்றர். சட்டங்களுக்கு இடையிலுள்ள சில மீற்றர் இடைவெளி அதற்குப் போதாது. கைத்தொலைபேசியின் 1800 மெகாஹேர்ட்ஸ் அலையோ 17 சென்ரிமீற்றர்தான். தாராளமாக நுழையும்.

இதேபோல் சில அலைகளை விட்டுச் சிலவற்றைத் தடுக்கும் நுண்ணலை வடிப்பான் தகடு செய்பவர்கள் இடைவெளியைக் கணக்குப் பார்த்தே வெட்டுகிறார்கள். மெல்லிய செப்புத் தகட்டில் ஏறத்தாழ 1.5 சென்ரிமீற்றர் நீளக் கீற்றுகளை நெருக்கமாக, வரிசையாக வெட்டினால் 10 கிகாஹேர்ட்ஸ் அலை கடந்துபோகும். அதிலிருந்து விலகிய அதிர்வெண்கள் பெரும்பாலும் திரும்பிவிடும். கீற்றுக்குக் குறுக்கே மின்புலம் ஆடும் அலைக்கே வழி கிடைப்பதால், எல்லாத் திசைக்கும் பொதுவாகச் சிலுவை அல்லது வளையம் வெட்டுவார்கள். வெட்டுவதற்குப் பதிலாக அதே வடிவில் செப்புத் துண்டுகளைப் பதித்தால் கதை தலைகீழ்: அந்த அலை மட்டும் திரும்பும், மற்றவை போகும்.

கணக்கு இலேசானதல்ல. செப்பைத் தாங்கும் பிளாஸ்ரிக் தகடு அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். அலை சரிவாக வந்தால் இன்னும் மாறும்.

1977இல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்களின் 3.7 மீற்றர் அன்ரெனாவில் இத்தகைய தகடே துணைத் தெறிப்பானாக இருக்கிறது. 8.4 கிகாஹேர்ட்ஸ் அலையை அது தெறிக்கச் செய்கிறது, 2.3 கிகாஹேர்ட்ஸ் அலையை ஊடுருவ விடுகிறது.