காயம் ஆறத் தாமதமாவது ஏன்?

காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுச் சிறு காயம் ஏற்படுகிறது. சில நாட்களில் அது தானாகவே ஆறிவிடும் என்பதை நாம் அறிவோம். எத்தனை நாட்களில் ஆறும்? காயத்தின் ஆழம், நமது வயது, உண்ணும் உணவு, இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது என்று நீங்கள் கூறுவீர்கள். சரிதான். ஆனால் இப்பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அதுவே நமது மனத்தின் நிலை.

மனத்திலுள்ள கவலைக்கும் விரலிலுள்ள காயத்திற்கும் என்ன தொடர்பு? கவலையைத் தராசில் இட்டு நிறுக்க இயலாது. ஆனால் காயம் ஆறும் நாட்களை எண்ண இயலும். இந்த எளிய வழியைக் கொண்டே அமெரிக்காவிலுள்ள ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்கேள்விக்கு விடை தேடினர்.

விடுமுறையில் ஒன்று, தேர்வில் ஒன்று

1998-இல் வெளியான அவர்களது ஆய்வில் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேர் பங்கு கொண்டனர். கோடை விடுமுறையின்போது ஒவ்வொருவரது மேலண்ணத்திலும் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு காயம் உண்டாக்கப்பட்டது. பின்னர், முக்கியமான தேர்வுக்கு மூன்று நாட்கள் முன்பு, அதே அளவில் இரண்டாவது காயம் உண்டாக்கப்பட்டது. நாள்தோறும் காயத்தைப் புகைப்படம் எடுத்தனர்.

காயம் முழுவதும் மூடிக்கொண்டதா என்பதை எவ்வாறு அறிவது? அதன்மீது ஹைட்ரஜன் பெராக்சைடு இடப்பட்டது. சிதைந்த திசுவிலுள்ள கேட்டலேஸ் என்னும் நொதி, பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. அதனால் நுரை எழும்புகிறது. நுரை எழவில்லையெனில் காயம் ஆறிவிட்டது எனக் கொள்ளலாம்.

முடிவு வியப்பளித்தது. தேர்வுக் காலத்துக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக மூன்று நாட்கள், அதாவது 40 விழுக்காடு, கூடுதலாகத் தேவைப்பட்டது. விடுமுறையில் ஆறிய அளவு விரைவாகத் தேர்வின்போது ஆறிய மாணவர் ஒருவர்கூட இல்லை. இங்கு ஒரு மாணவரை மற்றொருவரோடு ஒப்பிடவில்லை. அவரை அவரோடேயே ஒப்பிட்டனர் என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு முன்பே, 1995-இல், இக்குழுவினர் மற்றோர் ஆய்வை வெளியிட்டிருந்தனர். மறதி நோயுற்ற உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்துவந்த 13 பெண்களையும், அத்தகைய பொறுப்பு இல்லாத, ஏறத்தாழ அதே வயதுடைய 13 பெண்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். கையில் உண்டாக்கிய சிறு காயம் இரண்டாவது குழுவினருக்குச் சராசரியாக 39.3 நாட்களில் ஆறியது, பராமரிப்போருக்கு 48.7 நாட்களாயின. இவ்விரு ஆய்வுகளும் சிறியவை. எனினும் பின்னர் நடந்த பல ஆய்வுகளும் இதே திசையையே காட்டின.

ஆபத்துக் கால ஏற்பாடு

இது எவ்வாறு நிகழ்கிறது? மனம் ஓர் ஆபத்தை உணர்ந்தவுடன், மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அது, சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அட்ரினலின் இதயத்துடிப்பை விரைவாக்குகிறது. கார்டிசால் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துகிறது. ஓடவும் போராடவும் உடல் ஆயத்தமாகிறது.

காயம் ஆறுவதன் முதற்கட்டம் அழற்சி ஆகும். அந்த இடம் சிவந்து வீங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இன்டர்லூக்கின்-1 போன்ற தூதுப்பொருள்கள் அங்கே வெள்ளணுக்களை அழைக்கின்றன. அவை கிருமிகளை அழித்து, சிதைந்த திசுவை அகற்றிய பிறகே புதிய திசு வளரும். கார்டிசாலோ அழற்சியை அடக்கும் தன்மையது. அதனால்தான் கார்டிசோனை மூட்டு வாதத்திற்கு மருந்தாக்க முடிந்தது. 1950-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அப்பணிக்குரியது. தேர்வு நாட்களில் அம்மாணவர்களது இரத்த அணுக்களில் இன்டர்லூக்கின்-1 ஆக்கத்திற்கான செய்தி மூலக்கூறு வெகுவாகக் குறைந்திருந்தது. அழைப்பு குறைந்தால், பணியாளர் வருவதும் தாமதமாகும் அல்லவா?

இயற்பியல் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு கம்பியின்மீது தகைவு செயற்படும்போது அது திரிபடைகிறது. மீட்சி எல்லைக்குள் இருந்தால், சுமையை நீக்கியவுடன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. உடலும் அவ்வாறே. ஆபத்து நீங்கியதும் கார்டிசால் குறைந்து யாவும் சீராகும். மாதக்கணக்கில் சுமை நீங்காதபோதுதான் தொல்லை. பொறியியலில் வழங்கிய இச்சொல்லையே மாண்ட்ரியால் நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே பின்னர் மருத்துவத்தில் பரப்பினார். குளிர், காயம், மிகையான உழைப்பு என எத்துன்பம் நேர்ந்தாலும் எலிகளின் அட்ரினல் சுரப்பி பெருத்து, தைமஸ் சுருங்கி, இரைப்பையில் புண் உண்டாவதை அவர் 1936-இல் அறிவித்திருந்தார்.

எல்லாம் மனக்கவலையாலா?

அவ்வாறும் முடிவு செய்துவிடக் கூடாது. மனிதரின் வயிற்றுப்புண்ணுக்குக் கவலையே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவின் பங்கை வெளிப்படுத்தினர். 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே விழுங்கி, இரைப்பை அழற்சிக்கு ஆளானார்! இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. எனவே வயிற்றுவலியால் துன்புறுபவரிடம் "கவலையை விடு, சரியாகிவிடும்" என்று மட்டும் கூறுவது தீங்கிழைப்பதாகும். கிருமிக்கு மருந்து வேண்டும்.

மறுபுறம், நோயும் மனத்தைத் தாக்குகிறது. காய்ச்சலின்போது உணவு வேண்டியிருப்பதில்லை, பேசவும் பிடிப்பதில்லை. அது சோம்பல் அன்று. நோயை எதிர்க்கும் இன்டர்லூக்கின் முதலிய தூதுப்பொருள்களே மூளைக்கும் செய்தி அனுப்பி, உடலை ஓய்வெடுக்கச் செய்கின்றன. நீண்ட நோயில் இச்சோர்வு ஆழமான மனச்சோர்வாக மாறக்கூடும். மாரடைப்பிலிருந்து மீண்ட 222 பேரைப் பற்றி மாண்ட்ரியாலில் நிகழ்ந்து 1993-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுற்றவர்களிடையே அடுத்த ஆறு மாதங்களில் இறப்பு மிகுந்திருந்தது. இதயத்திற்கு மருந்து தந்தால் போதும், மனம் தானே தேறும் என்று விட்டுவிடுவதற்கில்லை.

இனி ஒரு நோயாளியைக் காணச் செல்லும்போது, அவரது கட்டிலருகே பல நாட்களாக விழித்திருக்கும் தாயையோ மனைவியையோ சற்றுக் கவனியுங்கள். மருத்துவரின் சீட்டில் அவரது பெயர் இராது. ஆனால் அவரது உடலிலும் சுமை ஏறிக்கொண்டிருக்கிறது. "நீங்கள் போய்த் தூங்குங்கள், இன்றிரவு நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கூறுவது வெறும் ஆறுதல் வார்த்தை அன்று, சுமையை இறக்கி, உடல் மீள வழிசெய்யும் உதவியாகும்.