மகள் செஸ் அணியில் சேர்ந்திருக்கிறாளா? பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நான்காம் வகுப்பில் படிக்கும் மகள் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டு வருகிறாள். மாணவிகள் செஸ் அணிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரில் போட்டி, பெற்றோர் கையொப்பம் வேண்டும். உடனே வீட்டில் கேள்விகள் கிளம்பும். செஸ் ஆடலாமா? யார் கூட்டிக்கொண்டு போவது? நாள் முழுக்க அங்கே என்ன நடக்கும்? வாப்பா வெளிநாட்டில் இருந்தால் கேள்வி வாட்ஸ்அப்பில் அங்கேயும் போய்த் திரும்பும். தெளிவான பதில் கிடைக்காமலேயே அந்தக் கடிதம் கையொப்பம் இல்லாமல் பள்ளிக்குத் திரும்பிவிடுவதும் உண்டு.

முதல் கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம். சதுரங்கம் இந்தியாவில் தோன்றி, பாரசீகம் வழியாக அரபுலகம் சென்று, 'ஷத்ரஞ்ச்' என்ற பெயரில் வளர்ந்து, பிறகு ஐரோப்பாவை அடைந்த விளையாட்டு. அப்பாஸியர் காலத்தில் அல்அத்லீ, அஸ்ஸூலீ போன்ற வல்லுநர்கள் இதைப் பற்றி நூல்களே எழுதினார்கள். என்றாலும் மார்க்க அறிஞர்களிடம் இதில் ஒரே கருத்து இல்லை. பணம் வைத்து ஆடினாலோ, ஆட்டத்தால் தொழுகை தவறினாலோ கூடாது என்பதில் எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். இவை இரண்டும் இல்லாதபோது மக்ரூஹ் என்பது ஷாஃபி மத்ஹபில் அறியப்பட்ட கருத்து. மற்ற மத்ஹபுகளில் பெரும்பாலான அறிஞர்கள் இதைவிடக் கடுமையான நிலையை எடுத்திருக்கிறார்கள். 2016-இல் சவூதி தலைமை முஃப்தி செஸ்ஸுக்கு எதிராகச் சொன்ன கருத்து உலகச் செய்தியானது. அடுத்த ஆண்டே, 2017 டிசம்பரில், உலக ரேபிட் மற்றும் பிளிட்ஸ் சாம்பியன்ஷிப் ரியாதில் நடந்தது. ஆகவே உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். கேட்கும்போது ஒரு விவரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: போட்டிக்கு நுழைவுக் கட்டணம் உண்டா, பரிசு கோப்பையும் சான்றிதழுமா அல்லது ரொக்கமா, ரொக்கம் என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பள்ளி அணிப் போட்டிக்கும் ரொக்கப் பரிசு அறிவிக்கும் தனியார் போட்டிக்கும் இதில் வேறுபாடு இருக்கலாம்.

சரி, போட்டி எப்படி நடக்கிறது?

வழக்கமாக ஓர் அணியில் நான்கு பேர் ஆடுவார்கள், கூடவே ஒரு மாற்று வீராங்கனை இருப்பார். நான்கு மேசைகளில் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கும். எதிரணியின் முதல் போர்டு நம் முதல் போர்டோடும், இரண்டாவது இரண்டாவதோடும் மோதும். வென்றால் ஒரு புள்ளி, டிரா என்றால் அரைப் புள்ளி. நான்கில் இரண்டரைப் புள்ளி எடுத்த அணி அந்தச் சுற்றை வென்றது. முதல் போர்டில் ஆடும் கெட்டிக்காரச் சிறுமி எடுக்கும் புள்ளியும், நான்காம் போர்டில் போன மாதம்தான் ஆடக் கற்றுக்கொண்ட சிறுமி எடுக்கும் புள்ளியும் சமம். ஒரே ஒரு நல்ல ஆட்டக்காரியை வைத்துக்கொண்டு கோப்பை வாங்க முடியாது. அதனால் கவனமுள்ள ஆசிரியை நான்காம் போர்டு பிள்ளைக்குத்தான் அதிக நேரம் செலவிடுவார்.

பெரும்பாலான போட்டிகள் ஸ்விஸ் முறையில் நடக்கும். தோற்றவர் வெளியேற வேண்டியதில்லை, எல்லோரும் எல்லாச் சுற்றுகளும் ஆடலாம். வென்றவர்கள் வென்றவர்களோடும், தோற்றவர்கள் தோற்றவர்களோடும் அடுத்த சுற்றில் மோதுவார்கள். புதிய அணி முதல் இரண்டு சுற்றில் நன்றாக அடிவாங்குவது சகஜம். மூன்றாவது, நான்காவது சுற்றில்தான் தங்களுக்கு நிகரானவர்களைச் சந்திப்பார்கள். இதை அறியாமல் இரண்டு தோல்வியைப் பார்த்ததும் "வா, வீட்டுக்குப் போகலாம்" என்று பிள்ளையை அழைத்துப் போய்விட்டால், மற்ற மூன்று சிறுமிகளும் மிச்சச் சுற்றுகளை ஒரு போர்டைக் காலியாக வைத்துக்கொண்டு ஆட வேண்டியிருக்கும்.

தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் சிறு பிள்ளைகளின் ஆட்டத்தில் புள்ளி பறிபோவது பெரும்பாலும் வேறு இடத்தில். எதிரில் இருக்கும் பிள்ளை ஒரு காயைத் தொட்டுவிட்டு வேறு காயை நகர்த்துகிறது. அல்லது தவறான நகர்வு செய்கிறது. அப்போது நம் பிள்ளை கடிகாரத்தை நிறுத்தி, கையை உயர்த்தி, நடுவரைக் கூப்பிட வேண்டும். முறையான நெடுநேர ஆட்டத்தில் முதல் தவறான நகர்வுக்கு எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாவது முறை செய்தால் ஆட்டமே போய்விடும். இவ்வளவு பெரிய பாதுகாப்பு விதியில் இருந்தும், கையை உயர்த்தக் கூச்சப்பட்டு எத்தனை சிறுமிகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்! "சத்தம் போடாதே, அடக்கமாக இரு" என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அந்நியமான ஒரு கூடத்தில் கை தூக்கி "சார், இது தப்பு" என்று சொல்வது எளிதல்ல.

டிரா கேட்பதும் அப்படித்தான். ராணி கூடுதலாக வைத்திருக்கும் சிறுமி, எதிராளி சிரித்துக்கொண்டே "டிரா?" என்று கேட்டதும் மறுக்கத் தெரியாமல் கை குலுக்கிவிடுவாள். அணித் தலைவரோ ஆசிரியையோ நகர்வு சொல்லித்தர முடியாது. மகள் தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும். பத்து வயதில் இப்படித் தனியாக நின்று முடிவெடுக்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும் என்று யோசித்துப் பார்த்தால், கோப்பையைவிட இதுவே பெரிய வரவு என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்ற சில்லறை விஷயங்கள்: அரங்குக்குள் ஆடுபவரிடம் செல்போன் இருந்தால் ஆட்டம் பறிபோகும், எனவே உம்மாவின் போன் பிள்ளையின் பையில் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலையை மறைத்து ஆடுவதற்குத் தடை இல்லை. ஈரான் அணியின் பெண்கள் உலகப் போட்டிகளில் அப்படித்தான் ஆடிவந்திருக்கிறார்கள். ளுஹர் நேரம் எந்தச் சுற்றின் இடையில் வருகிறது என்பதைக் காலையிலேயே நடுவரிடம் கேட்டு வைத்துக்கொண்டால் உடன் செல்லும் பெரியவர்களுக்குத் தொழுகை தவறாது.

யார் கூட்டிப் போவது என்ற கேள்விக்கு நம் மாநிலத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் உலகிலேயே முதன்முதலில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற அக்காள் தம்பி. வைஷாலியை செஸ் வகுப்பில் சேர்த்ததே டிவி பார்ப்பதைக் குறைக்கத்தான். அவர்களுடைய தந்தைக்கு இளம்பிள்ளை வாதத்தால் பயணம் கடினம். தாய்தான் சமைக்கும் பாத்திரத்தோடு ஊர் ஊராகப் பிள்ளைகளுடன் போனார்.

முஸ்லிம் பெண்களுக்கு இது புதிய துறையும் அல்ல. பஞ்சாபைச் சேர்ந்த சர் உமர் ஹயாத் கான் தம் வீட்டாருடன் லண்டன் சென்றபோது, புகழ்பெற்ற ஆட்டக்காரர் மீர் சுல்தான் கானோடு பாத்திமா என்ற இளம்பெண்ணும் அந்த வீட்டில் இருந்தார். 1933-இல் ஹேஸ்டிங்ஸில் நடந்த பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன்ஷிப்பில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காமல், அடுத்து வந்தவரைவிட மூன்று புள்ளிகள் கூடுதலாக எடுத்து அவர் வென்றார். அதே ஆண்டு, அதே ஊரில் சுல்தான் கானும் பிரிட்டிஷ் பட்டத்தை வென்றார். பிறகு அந்த வீட்டார் இந்தியா திரும்பினார்கள். பாத்திமாவின் போட்டி ஆட்டமும் அதோடு முடிந்தது. ஆட்டத்தில் அவரை வென்று யாரும் நிறுத்தவில்லை. அழைத்துப் போனவர்கள் திரும்பினார்கள், அவ்வளவுதான்.

வங்கதேசத்தின் ராணி ஹமீது கதை வேறு. 1944-இல் பிறந்த அவர், திருமணமாகிக் குழந்தைகள் பிறந்த பிறகு, முப்பது வயதைத் தாண்டித்தான் போட்டிகளுக்கு வந்தார். 1983, 1985, 1989 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தை வென்றார். 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் 80 வயதில் தம் நாட்டு அணிக்காக ஆடினார். அதே ஒலிம்பியாடில்தான் இந்தியப் பெண்கள் அணி முதன்முறையாகத் தங்கம் வென்றது.

நம் ஊர்களில் பாத்திமாவின் கதைதான் அதிகம் நடக்கிறது. ஐந்தாம் வகுப்போடு ஆரம்பப் பள்ளி முடிகிறது. நான்கு பேரும் நான்கு பள்ளிகளுக்குப் போகிறார்கள். புதிய பள்ளியில் அணி இருக்காது, இருந்தாலும் இவள் ஆடுவாள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. கோப்பைகள் ஷோகேஸில் இருக்கும், செஸ் போர்டு பரணில் இருக்கும்.

ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்குப் போகும்போதே மகளின் சான்றிதழ்களைக் காட்டி, அந்தப் பள்ளியில் செஸ் அணி உண்டா என்று கேட்டுவிடுங்கள். பள்ளி அணி இல்லாவிட்டாலும், இந்தியாவில் 7, 9, 11, 13, 15 வயதுக்குட்பட்டோர் என்று மாவட்ட, மாநில அளவில் சிறுமிகளுக்குத் தனிப் பிரிவுப் போட்டிகள் நடக்கின்றன. வயது ஜனவரி 1-ஆம் தேதியை வைத்துக் கணக்கிடப்படும் என்பதால் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அணியே வேண்டுமென்றால் நான்கு மாணவிகளும் பொறுப்பேற்கும் ஓர் ஆசிரியையும் போதும். போர்டும் காய்களும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கடிகாரம்தான் கொஞ்சம் விலை, அதை நான்கு வீட்டாரும் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம்.